வீட்டுப் பாதுகாப்புக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

"சார், லைசன்ஸ் எடுத்து வீட்டுல ஒரு துப்பாக்கி வச்சுக்கலாமா?"

குற்றவியல் வழக்கறிஞரான என்னிடம் அவ்வப்போது யாராவது இதைக் கேட்பார்கள். பெரும்பாலும் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். வீட்டைக் காக்க ஷாட்கன் தோதா, கைத்துப்பாக்கி தோதா என்று அங்கே மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஒரு சிக்கல் மட்டும் அவர்களுக்கே தீர்ந்தபாடில்லை. சட்டென்று எடுக்கிற இடத்தில் வைத்தால் பிள்ளைகளும் எடுத்துவிடுவார்கள். பெட்டியில் பூட்டித் தோட்டாவைத் தனியே வைத்தால், திருடன் உள்ளே நிற்கும்போது சாவியைத் தேட வேண்டும்.

சிங்கப்பூரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருப்பவர்கள்கூட ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, கிளப்பின் ஆயுதக் கிடங்கிலேயே விட்டுவர வேண்டும். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. தோட்டா மட்டும் இருந்தாலும் அதே தண்டனைதான். காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால் மரண தண்டனை. குண்டு யார்மேலும் படவில்லை என்பது காப்பாற்றாது. தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பயிற்சி செய்தவர்களுக்கு இது புரியும். சுடும் பயிற்சி முடிந்ததும் தோட்டாவோ காலி உறையோ என்னிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் சொன்ன பிறகுதானே திடலைவிட்டு விடுவார்கள்?

துப்பாக்கி கிடையாது என்றதும் பலர் 'சின்னதாக' எதையாவது தேடுகிறார்கள். எனக்குப் பெரிய கவலையே அதுதான்.

உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு அப்பா. மகளுக்கு இரவு வேலை, வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். பாசத்தில் ஒரு பெப்பர் ஸ்ப்ரேயை இணையத்தில் வாங்கினார். மகளுக்குத்தானே என்று பார்சலில் அவள் பெயரையே போட்டுவிட்டார். பொருள் சோதனையில் சிக்கியது, விசாரணைக்கு மகளைக் கூப்பிட்டார்கள். கடைசியில் கடும் எச்சரிக்கையோடு முடிந்தது. ஆனால் அதுவரை கழிந்த மாதங்களில் அந்த மனிதர் என் அலுவலகத்தில் தலை நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "கடையில விக்கிறான், நான் வாங்குனேன்மா" என்று மகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வார். வேறு நாட்டுக் கடையில் விற்கலாம். இங்கே பெப்பர் ஸ்ப்ரே, மின்னதிர்ச்சிக் கருவி, பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கி எல்லாமே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டரைக்கூடக் கொண்டுவரக் கூடாது.

சரி, திருடன் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? இல்லை. உடம்பையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையைத் தண்டனைச் சட்டம் தருகிறது. அந்த நேரத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் எல்லை. உங்கள்மேல் பாய்கிறவனைத் தள்ளலாம், கையில் கிடைத்ததால் தடுக்கலாம். அவன் படியிறங்கி ஓடிய பிறகு துரத்திப்போய் அடித்தால், குற்றவாளிக் கூண்டில் நீங்கள் நிற்க நேரிடலாம்.

வழக்கு முடிந்ததும் அந்த அப்பாவின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். தாழ்வாரத்தைப் பார்த்த ஜன்னல், அதிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுவரில் ஆணி, ஆணியில் இரும்புக் கேட்டின் சாவி. நான் வெளியே நின்று கம்பி வழியாகக் கையை விட்டேன், சாவி கையோடு வந்துவிட்டது. அவர் முகம் மாறிப்போனது. உதிரிச் சாவி காலணி அலமாரியில் ஒரு பழைய ஷூவுக்குள் இருந்தது. நான் போன எத்தனையோ வீடுகளில் இப்படித்தான்.

இரண்டையும் அன்றே இடம் மாற்றினோம். வெளியிலிருந்து எட்டாத இடமாக இருக்க வேண்டும், ஆனால் தீப்பிடித்தால் வீட்டிலுள்ள எல்லாருக்கும் இருட்டிலும் கைக்குக் கிடைக்க வேண்டும். மரக்கதவில், வந்தவர் முகம் தெரிகிற மாதிரி ஒரு துளைக்கண்ணாடி போட்டோம். மகளின் கைப்பேசியில் காவல்துறையின் அவசர எண் 999-ஓடு 70999-ஐயும் சேமித்தோம். குரல் எழுப்ப முடியாதபோது 70999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் காவல்துறைக்குப் போய்விடும்.

இப்போது பேருந்து ஏறியதும் அவள் போன் செய்கிறாள். அப்பா கீழே இறங்கி மின்தூக்கிப் பக்கம் நிற்கிறார்.