அம்பது வயசுக்கு மேல ஒருத்தர் திடீர்னு கூச்சநாச்சம் இல்லாம நடந்துக்கிட்டா

கேஸ் ஷீட்ல நாங்க 'டிஸ்இன்ஹிபிஷன்'னு எழுதுவோம். யார் எவர்னு பார்க்காம அசிங்கமா பேசுறது, தெரியாத பொண்ண தொட்டுப் பேசுறது, சாவு வீட்ல சிரிக்கிறது, பந்தியில பக்கத்து இலையில கை வைக்கிறது, இதெல்லாம் முன்னாடி அந்த ஆள்கிட்ட இல்லாம இப்ப புதுசா வந்திருந்தாத்தான் இந்த வார்த்தை. சின்ன வயசுலேர்ந்தே துடுக்கா பேசுறவங்கள இதுல சேர்க்க மாட்டோம்.

மனநல மருத்துவரா எனக்கு ரொம்ப வருத்தம் தர்றது என்னன்னா, "வயசான காலத்துல புத்தி போற போக்கப் பாரு"ன்னு ஊரே பேசி முடிச்சு, மருமக கோவிச்சுக்கிட்டுப் போயி, அவரோட சம்சாரம் வெளிய தலைகாட்ட முடியாம அழுது தீர்த்த அப்புறம்தான் எங்ககிட்ட கூட்டிட்டு வர்றாங்க.

நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மூளைப்பகுதிதான் நம்மள அடக்கி வைக்குது. 1848ல அமெரிக்காவுல ஃபினியாஸ் கேஜ்னு ஒரு ரயில் பாதை மேஸ்திரிக்கு இரும்புக் கம்பி அந்த இடத்தை துளைச்சிட்டுப் போச்சு, உயிர் பொழச்சாரு, ஆனா மரியாதை தெரிஞ்ச மனுஷன் கெட்ட வார்த்தை பேசுற ஆளாயிட்டாருன்னு அவரப் பார்த்த டாக்டரே எழுதி வச்சிருக்காரு.

இதே பகுதி மெல்ல மெல்ல சுருங்குற நோய்தான் ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியா. பெரும்பாலும் 45லேர்ந்து 65 வயசுக்குள்ள ஆரம்பிக்கும். இதுல பெரிய சிக்கலே ஆரம்பத்துல ஞாபகம் நல்லா இருக்கும்ங்கறதுதான், தேதி கிழமை எல்லாம் கரெக்டா சொல்வாரு, அதனால "எல்லாம் தெரிஞ்சுதான் பண்றாரு"ன்னு வீட்ல முடிவு கட்டிடுவாங்க. தான் பண்றது தப்புன்னு அவருக்கு உறைக்காது, அதனால திட்டியோ அவமானப்படுத்தியோ பிரயோஜனமே இல்ல.

எல்லாமே டிமென்ஷியாவும் கிடையாது. கை நடுங்குற பார்க்கின்சன் நோய்க்கு குடுக்கிற பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் மாத்திரையால சிலருக்கு சூதாட்டம், கண்டபடி செலவு, அளவில்லாத காம ஆசைன்னு வரும். டோஸ் குறைச்சா பலபேருக்கு சரியாயிடும், ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, அது வேற ஆபத்து. ஸ்டீராய்டு மாத்திரை, கீழ விழுந்து மண்டைக்குள்ள மெதுவா கட்டுற ரத்தம், மனநிலை ஏறி இறங்குற பைபோலார் நோய், இதெல்லாமும் காரணமா இருக்கலாம். ரெண்டு மூணு நாள்ல திடீர்னு மாறி குழப்பமா பேசினா யூரின் இன்ஃபெக்ஷனோ ரத்தத்துல சோடியம் குறைவோ இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும்.

வரும்போது எல்லா மாத்திரை அட்டையும் எடுத்துட்டு வாங்க. எப்ப ஆரம்பிச்சது, முதல்ல எது மாறுச்சுன்னு எழுதிக்கங்க, அவர் இல்லாம தனியா எங்ககிட்ட சொல்லுங்க, ஏன்னா ரூம்ல உக்காந்திருக்கும்போது அவர் ரொம்ப நல்லாத்தான் பேசுவாரு. ரத்த டெஸ்ட்டும் எம்ஆர்ஐயும் தேவைப்படும்.

ஃப்ரான்டோடெம்போரல்னா குணமாக்குற மருந்து இன்னும் வரல. மறதிக்குக் குடுக்கிற டோனெபெசில் இதுக்கு உதவாது, சிலருக்கு தொந்தரவ இன்னும் அதிகமாக்கிடும். வேற சில மாத்திரையால இந்த நடத்தையோட வேகத்தைக் கொஞ்சம் அடக்கலாம். மத்தபடி வீட்லதான் ஏற்பாடு பண்ணணும். ஏடிஎம் கார்டு, பத்திரம், வண்டி சாவி அவர் கைக்கு எட்டாம வைங்க, பிள்ளைங்களோட தனியா விடாதீங்க, இதுல தாட்சண்யமே வேண்டாம். பார்த்துக்கிற அந்தம்மாவுக்கு வாரத்துல ஒரு நாளாவது வேற யாராச்சும் மாத்தி விடுங்க. யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியலன்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி போன் நம்பர், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.