வெறுஞ்செவுள் நத்தை

'சீ ஸ்லக்' என்பதைத் தமிழாக்கப் போனால் சட்டென்று வாயில் வருவது 'கடல் அட்டை'. தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். மன்னார் வளைகுடாவிலும் யாழ்ப்பாணத்திலும் கடல் அட்டை என்றால் அது வேறு உயிர், நட்சத்திர மீனுக்கு உறவு. இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிக்கவே தடை இருக்கிறது. நாம் பேசவந்தது நத்தைச் சாதி. முட்டையிலிருந்து வெளிவரும்போது இதற்கும் குட்டி ஓடு உண்டு. வளரும்போது அதை உதறிவிடும்.

இந்தச் சாதியில் வண்ணவண்ணமாக இருக்கும் ஒரு பிரிவை அறிவியலில் 'நூடிபிராங்க்' என்பார்கள். லத்தீனில் 'நூடுஸ்' என்றால் உடுப்பில்லாத, வெறும். கிரேக்கத்தில் 'பிராங்கியா' என்றால் செவுள். பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே 1817இல் இரண்டையும் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார்.

மீன் வாங்கும்போது செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கிறோமே, அப்போது நாம் தூக்குவது மூடியை. இந்த நத்தைக்கு அந்த மூடியும் இல்லை, செவுளை ஒளித்துவைக்க ஓடும் இல்லை. வெறுங்கால், வெறுஞ்சோறு என்று சொல்கிற நமக்கு 'வெறுஞ்செவுள்' தானாக வந்துவிடுகிறது. வெறுஞ்செவுள் நத்தை என்றே சொல்லலாம். 'நிர்வாணச் செவுள்' எல்லாம் வேண்டாம், காதுக்கு ஒட்டவில்லை.

பெயர் பொருந்துகிறதா என்று பார்க்க ஜோருன்னா பார்வா நல்ல உதாரணம். 1938இல் ஜப்பானிய அறிஞர் கிகுதாரோ பாபா விவரித்த இனம். நீளம் ஓர் அங்குலம்கூட வராது. வெள்ளை அல்லது மஞ்சள் உடம்பு, மேலெல்லாம் கரும்புள்ளி. தலையில் முயல் காது போல இரண்டு நிற்கும். அவை காதல்ல, தண்ணீரில் கரைந்து வரும் வாசனையைப் பிடிக்கும் மோப்பக் கொம்புகள். பின்புறம் குஞ்சம் போல விரிந்திருப்பதை வால் என்று நினைப்போம். அதுதான் செவுள்! பூ விரிந்தாற்போல முதுகின் மேலேயே திறந்து கிடக்கும்.

இதை ஆங்கிலத்தில் முயல் குட்டி என்று கொஞ்சுகிறார்கள். நாமும் 'கடல் முயல்' என்று வைத்தால் மறுபடி குழப்பம்தான், அந்தப் பெயரில் வேறொரு கடல்நத்தை ஏற்கெனவே இருக்கிறது. ஜப்பானியர் வைத்த பெயர்தான் எனக்குப் பிடித்தது: 'கோமாஃபு பிரோடோ உமிஉஷி'. கோமா என்றால் எள், பிரோடோ வெல்வெட், உமிஉஷி கடல்மாடு. மாட்டை விட்டுவிட்டு எள்ளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: எள்ளுப்புள்ளி வெறுஞ்செவுள் நத்தை.