ரவைக் குவியலும் குழியானையும்

ஒன்பது வயது மகனை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கும் ஒரு அம்மா கேட்டிருந்தார்: "டிஸ்லெக்சியா என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?"

புத்தகத்தை மூடி வையுங்கள். கூரைத் தாழ்வாரத்தடியிலோ மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ, மழை படாத புழுதியில் புனல் மாதிரி சின்னக் குழிகள் இருக்கிறதா என்று அவனோடு குந்தி உட்கார்ந்து தேடுங்கள். குழியானை! சின்ன வயதில் நாம் ஊதி ஊதி வெளியே எடுத்த அதே ஆள்தான். அது ஒரு புழு, வளர்ந்து றெக்கை முளைத்தால் பார்க்கத் தும்பி மாதிரி இருக்கும். குழியின் அடியில் மண்ணுக்குள் தாடையை விரித்துக் காத்திருக்கும், எறும்பு சறுக்கி விழுந்தால் பிடித்துச் சாறை உறிஞ்சிவிடும். இது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

எனக்குப் பிடித்தது அந்தச் சரிவு. அதற்கு அடுப்படிக்கு வரவேண்டும்.

ஒரு தட்டில் ரவையைப் பையனையே மெதுவாகக் கொட்டச் சொல்லுங்கள். கூம்பு எழும்பும். இன்னும் கொட்டினால் உயரும், அகலும், ஆனால் பக்கவாட்டுச் சாய்வு மட்டும் மாறவே மாறாது. ஒரு பிடி ரவைக்கும் ஒரு படி ரவைக்கும் ஒரே சாய்வுதான். ஏனென்றால் சரிவில் உட்கார்ந்திருக்கும் பருக்கையைக் கீழே இழுப்பதும் அதன் எடைதான், அதைச் சரிவோடு அழுத்தி உராய்வால் பிடித்துவைப்பதும் அதே எடைதான். எடை கூடினால் இரண்டும் சேர்ந்தே கூடும். அதனால் யார் ஜெயிப்பது என்பதை முடிவு செய்வது சாய்வு மட்டுமே. உலர்ந்த மணலுக்கு இந்த எல்லை ஏறக்குறைய 30 முதல் 35 டிகிரி. குழியானை தன் குழியை இந்த எல்லையை ஒட்டியே வைத்திருக்கிறது. சும்மா இருந்தால் சரியாது, எறும்பு கால் வைத்தால் சரியும். எறும்பு தப்பித்து மேலே ஏறப்பார்த்தால், அடியிலிருந்து தலையால் மண்ணை வாரி வீசும். அடி காலியானதும் மேல் மண் எறும்போடு கீழே வரும். மண் ஈரமானால் பருக்கைகள் ஒட்டிக்கொள்ளும், பொறி பலிக்காது. தாழ்வாரத்தடியைத் தேடிப் போவது இதற்காகத்தான்.

இன்னொன்று. ரவையில் கொஞ்சம் கடுகைக் கலந்து கொட்டிப் பாருங்கள், கடுகெல்லாம் உருண்டு அடிவாரத்துக்கு ஓடிவிடும். பெரிய பருக்கைக்குச் சின்ன மேடுபள்ளம் ஒரு பொருட்டே இல்லை. குழியானை பின்பக்கமாக நகர்ந்து சுருள் சுருளாகத் தோண்டும்போதும் இப்படித்தான் பெரிய மணல் உருண்டு அடிக்கு வர, அது வெளியே வீசிவிடுகிறது, சுவரில் வழுக்கும் பொடிமண் தங்குகிறது. 2019-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பூச்சி தோண்டும் குழிக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. நெல் கிடங்கிலும் மாத்திரைத் தொழிற்சாலையிலும் பருக்கைகள் இதே மாதிரிதான் பிரிந்து தொல்லை கொடுக்கின்றன. என்னைக் கேட்டால் இந்த ஆராய்ச்சிக்கு இன்னும் பணம் கொடுக்கலாம்.

பையன் எதையும் எழுத வேண்டாம். நாளைக்கும் அதே ரவையைக் கொட்டட்டும், மறுநாளும். பத்து தடவை பார்த்தால்தான் பிடிபடும் என்றால் பத்து தடவை. அப்புறம், மந்திரிக்கக் கூட்டிப் போ, நாக்கில் வசம்பு தேய் என்று சொந்தக்காரர்கள் ஆரம்பிப்பார்கள். டிஸ்லெக்சியா என்றால் எழுத்தையும் ஒலியையும் அவன் மூளை வேறு விதமாக இணைக்கிறது, அவ்வளவுதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே கற்றல் குறைபாடு இடம்பெற்றுவிட்டது, தாயத்துக்கு இதில் வேலை இல்லை.

ஒரு குழியானையைக் கொட்டாங்கச்சியில் காய்ந்த மண்ணோடு இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இது எங்கே கக்கா போகும் என்று அவன் கேட்கக்கூடும். போகாது. புழுவாக இருக்கும் காலம் முழுக்க, இரை சரியாகக் கிடைக்காவிட்டால் அது ஓரிரண்டு வருஷம்கூட நீளும், கழிவை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து, றெக்கை முளைத்து வெளியே வந்த பிறகுதான் மொத்தமாகப் போகும்.