கார்வெட்டின் இன்ஜின் ஏன் பின்னால் போனது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் 2019 இசட்ஆர்1 வகையில் 755 குதிரைத்திறன். அடுத்த ஆண்டு வந்த, விலை குறைந்த கார்வெட் ஸ்டிங்ரேயில் கூடுதல் தொகுப்பெல்லாம் போட்டாலும் 495தான். ஆனால் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட, நிறுவனம் சொல்லும் கணக்குப்படி முன்னதற்கு 2.85 வினாடி, பின்னதற்கு 2.9 வினாடி. நடுவில் காணாமல் போன 260 குதிரைகள் எங்கே மேய்ந்துகொண்டிருந்தன?

நல்ல கேள்வி. விடை இன்ஜினுக்குள் இல்லை, இன்ஜின் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

1953 முதல் கடைகளில் விற்ற கார்வெட் எல்லாவற்றிலும் இன்ஜின் முன்னால்தான் இருந்தது. நீண்ட பானட், அதன் பின்னே தாழ உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர், குட்டையான வால். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே கண்ணுக்குள் வரும் உருவம் அதுதான். 2019 ஜூலை 18 அன்று, கலிபோர்னியாவின் டஸ்டினில் ஆகாயக் கப்பல்களுக்காகக் கட்டப்பட்ட ஒரு பிரம்மாண்டமான கொட்டகையில் எட்டாம் தலைமுறைக் காரின் திரையை விலக்கினார்கள். இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னால் போயிருந்தது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இத்தாலிக் கார் மாதிரி இருக்கிறது என்றார்கள். பானட் போச்சு என்றார்கள். கிளட்ச் மிதித்துக் கியர் போடும் சுகம் போச்சு என்றார்கள்.

கியர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். 1953-இல் செய்யப்பட்ட முதல் 300 கார்வெட்டுகளிலும் இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் பெட்டிதான் இருந்தது. எட்டு சிலிண்டர் கொண்ட வி8 இன்ஜின்கூட 1955-இல்தான் வந்தது. அதுவரை ஆறு சிலிண்டர். 'அசல்' என்று நாம் காவல் காக்கும் பலவும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. சரி, அழகும் கியரும் ரசனை சார்ந்தவை, அதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ரசிகர்கள் வைத்த இன்னொரு வாதம் இருக்கிறது: "பழைய காரில் முன்னும் பின்னும் எடை 50:50. அதுதான் முழுமையான சமநிலை. புதியதில் 40:60, அதைக் கெடுத்துவிட்டார்கள்." இது எண் சம்பந்தப்பட்டது, பேசித் தீர்க்கலாம்.

முன்னால் இன்ஜின் இருந்தும் பழைய கார் 50:50 ஆனது எப்படி? 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறையிலேயே கியர் பெட்டியைத் தூக்கிப் பின் அச்சோடு சேர்த்துவிட்டார்கள். கனமான இன்ஜின் முன்னால், கனமான கியர் பெட்டி பின்னால், இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு நீண்ட குழாய், அதற்குள் சுழலும் தண்டு. தராசில் வைத்தால் சரிபாதி. ஆனால் கார் தராசில் ஓடுவதில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்த நொடியிலேயே 50:50 என்பது இல்லாமல் போய்விடுகிறது.

எப்படி என்று பார்ப்போம். காரைத் தள்ளும் விசை, டயர் தரையைத் தொடும் இடத்தில் பிறக்கிறது. காரின் நிறை மையமோ தரையிலிருந்து சுமார் 45 செ.மீ உயரத்தில் இருக்கிறது. கீழே தள்ளுகிறோம், மேலே இருக்கும் எடை நகர மறுக்கிறது. விளைவு, கார் மூக்கைத் தூக்கப் பார்க்கிறது. முன் சக்கரங்களின் மேல் இருந்த பாரத்தில் ஒரு பகுதி பின் சக்கரங்களுக்குப் போகிறது. எவ்வளவு போகும்? தள்ளும் விசையை நிறை மையத்தின் உயரத்தால் பெருக்கி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரத்தால் வகுக்க வேண்டும். கார்வெட்டில் அந்தத் தூரம் சுமார் 272 செ.மீ. 45-ஐ 272-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஆறில் ஒன்று. அதாவது ஆறு கிலோ தள்ளினால் ஒரு கிலோ பாரம் பின்னால் நகரும். (இயற்பியல் ஆசிரியர்கள் மன்னிக்கவும், எளிமைக்காக விசையையும் கிலோவிலேயே சொல்கிறேன்.)

இப்போது 1600 கிலோ கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டயரின் மேல் எத்தனை கிலோ பாரமோ, அத்தனை கிலோ விசையை அது வழுக்காமல் தரையில் செலுத்தும் என்று வைப்போம். இரண்டு கார்களிலும் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கின்றன.

50:50 காரில் பின் சக்கரங்களின் மேல் 800 கிலோ. ஆகவே 800 கிலோ விசையோடு கிளம்பலாம். கிளம்பிய உடனே அதில் ஆறில் ஒரு பங்கு, 133 கிலோ பாரம், பின்னால் வந்து சேர்கிறது. பாரம் கூடினால் பிடிப்பு கூடும், இன்னும் 133 கிலோ விசை செலுத்தலாம். அந்தக் கூடுதல் விசை மேலும் 22 கிலோவைப் பின்னால் அனுப்பும். அது இன்னும் 4 கிலோவை. முடுக்கம் பாரத்தைக் கொடுக்கிறது, பாரம் முடுக்கத்தைக் கொடுக்கிறது. பள்ளியில் படித்த முடிவிலாப் பெருக்குத் தொடர்தான் இது. பொது விகிதம் ஆறில் ஒன்று என்பதால் எல்லையில்லாமல் வளராமல் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. கூட்டினால் 960 கிலோ.

இப்போது 40:60 கார். பின் சக்கரங்களின் மேல் தொடக்கத்திலேயே 960 கிலோ.

இந்த இடத்தில் நின்று ஒரு முறை ரசித்துவிட்டுப் போகலாம். முன் இன்ஜின் கார் தன் முழு முடுக்கத்தையும் காட்டி, தொடரின் கடைசி உறுப்பு வரை கூட்டி எட்டிப் பிடிக்கும் பாரத்தை, பின்னால் இன்ஜின் வைத்த கார் இன்ஜினே போடாமல், நிறுத்திய இடத்தில் சும்மா நிற்கும்போதே வைத்திருக்கிறது. அதன் தொடர் இங்கிருந்துதான் ஆரம்பம்: 960, 160, 27, 4... கூட்டினால் 1152 கிலோ. இவற்றைக் காரின் 1600 கிலோவால் வகுத்தால் முன்னதன் முடுக்கம் 0.6 ஜி, பின்னதன் முடுக்கம் 0.72 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). 60 மைல் வேகத்துக்கு முன்னதற்கு 4.6 வினாடி, பின்னதற்கு 3.8. நான் எடுத்துக்கொண்டதைவிட உண்மையான டயர்கள் நன்றாக ஒட்டும், அதனால் நிஜத்தில் இரண்டு நேரங்களும் இன்னும் குறையும்.

வாசகரின் குதிரைகளுக்கு வருவோம். 0.6 ஜி முடுக்கத்தை 60 மைல் வேகம் வரை தாக்குப்பிடிக்கச் சக்கரங்களுக்குச் சுமார் 340 குதிரைத்திறன் போதும். 0.72 ஜி என்றால் சுமார் 405. நன்றாக ஒட்டும் டயர் போட்டால் இந்த எண்கள் ஏறும், ஆனாலும் 755-க்குப் பக்கத்தில் வராது. மீதிக் குதிரைகள் டயரைச் சுழற்றிப் புகையாக்கும், அல்லது கம்ப்யூட்டரே குறுக்கிட்டு அவற்றைக் கட்டிப்போடும். புதிய கார் குறைந்த குதிரைத்திறனோடு கிட்டத்தட்ட அதே நேரத்தை எட்டியதில் இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டிக்கும் பங்கு உண்டு. ஒரு கியர் விடும்போதே அடுத்தது பிடித்துவிடுவதால் இழுவை அறுவதில்லை. ஆனால் பெரிய பங்கு, நிற்கும்போதே பின் சக்கரங்களின் மேல் கூடுதலாக இருக்கும் அந்த 160 கிலோவுக்குத்தான். முன் சக்கரத்தில் 245 மி.மீ அகல டயரும் பின்னால் 305 மி.மீ டயரும் போட்டிருப்பதைப் பார்த்தாலே எந்த முனை வேலை செய்கிறது என்று தெரியும்.

பிரேக்கில் இதுவே தலைகீழ். பாரம் முன்னால் பாய்கிறது. 1 ஜி அளவுக்கு அழுத்திப் பிடித்தால் 50:50 காரில் முன் 1067, பின் 533 என்று ஆகி, முன் டயர்களே சுமையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். 40:60 காரில் 907, 693. நான்கு டயர்களும் ஓரளவு பங்கிட்டுக்கொள்கின்றன. ஓடும்போது சமநிலை வேண்டுமானால் நிற்கும்போது சமநிலை இல்லாமல் இருப்பதே மேல்.

திருப்பங்களில் நடப்பதைச் சுழல் நாற்காலி ஒன்றில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அலுவலகத்தில் சுழலும் நாற்காலி இருக்குமே, அதில் உட்கார்ந்து, தண்ணீர் நிரம்பிய பாட்டில் கைக்கொன்றாக நீட்டிப் பிடித்தபடி சுற்றுங்கள். பிறகு பாட்டில்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுற்றுங்கள். இரண்டிலும் எடை இரு பக்கமும் சரிபாதிதான், ஆனால் கை நீட்டியிருக்கும்போது கிளம்புவதும் கஷ்டம், நிற்பதும் கஷ்டம். சுழற்சியின் மாற்றத்தை எதிர்க்கும் இந்தக் குணம், அதாவது நிலைமத் திருப்புத்திறன், மையத்திலிருந்து எடை இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 200 கிலோ இன்ஜின் நிறை மையத்திலிருந்து 1 மீட்டரில் இருந்தால் அதன் பங்கு 200, 60 செ.மீ.க்கு நெருங்கினால் 72. பழைய கார்வெட் கையை நீட்டிய கார். அதன் 50:50 பெருமையின் மறுபக்கம் இது, அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

நட்டமும் உண்டு. சட்டென்று திரும்பும் கார் சட்டென்று சுழலவும் செய்யும். வால் வழுக்கத் தொடங்கினால் முன் இன்ஜின் கார் தரும் அவகாசம் இதில் கிடைக்காது. நிலைப்புத்தன்மையைக் காக்கும் மின்னணுக் கருவிகள் மலிவாகும் முன் இதைப் பொதுமக்களுக்கு விற்பது நிஜமாகவே ஆபத்தான யோசனை. சூடான இன்ஜின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் கண்ணாடியும் தடுப்பும் தடிமனாக வேண்டும். சாமான் வைக்கும் இடம் சுருங்கும். கார்வெட்காரர்கள் விடாப்பிடியாக இரண்டு கோல்ஃப் பைகள் வைக்க வாலில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தக் காரை யார் வாங்குகிறார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

இவையெல்லாம் 2019-இல் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. 1953-இல் நியூயார்க் கண்காட்சியில் முதல் கார்வெட்டைப் பார்த்து மயங்கி ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்தவர், பிரஸ்ஸல்ஸில் பிறந்த பொறியாளர் ஸோரா ஆர்க்கஸ்-டன்டோவ். 1960-இலேயே ஓட்டுநருக்குப் பின்னால் இன்ஜின் வைத்த சோதனைக் கார் ஒன்றைச் செய்துகாட்டினார். பந்தய உலகம் அதற்கு முந்தைய ஆண்டே மாறிவிட்டது. 1959-இல் ஜாக் பிராபம் ஃபார்முலா 1 பட்டம் வென்ற கூப்பர் காரில் இன்ஜின் பின்னால்தான். 1970-இல் நியூயார்க்கில் இப்படிப் பின்னால் இன்ஜின் வைத்த கார்வெட்டின் மாதிரி ஒன்று காட்சிக்கு நின்றது. நிறுவனம் நகரவில்லை. முன் இன்ஜின் கார் நன்றாக விற்கிறதே, எதற்கு மாற்ற வேண்டும்? டன்டோவ் 1975-இல் ஓய்வு பெற்றார், 1996-இல் காலமானார். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கிவிட்டு அதன் முடிவைப் பரணில் போடுவது, ஒதுக்காமலே இருப்பதைவிட எனக்கு எரிச்சலூட்டும். 'விற்கிறதை மாற்றாதே' என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான், கோட் போட்டுக்கொண்டு வருகிறது, அவ்வளவே.

அப்புறம், கணக்கில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். பின் சக்கரங்களின் மேல் 1152 கிலோ என்றால், முன் சக்கரங்களின் மேல் இன்னும் 448 கிலோ இருக்கிறது. அந்தப் பிடிப்பு கிளம்பும்போது எதற்கும் பயன்படாமல் சும்மா உருள்கிறது. 2024-இல் வந்த கார்வெட் ஈ-ரே அங்கேதான் கை வைத்தது. பின்னால் வி8 அப்படியே இருக்க, முன் அச்சுக்கு 160 குதிரைத்திறன் மின்மோட்டார் ஒன்றைக் கொடுத்தார்கள். நேரம் 2.5 வினாடியாக இறங்கியது, ரசிகர்கள் அடுத்த சண்டையைத் தொடங்கினார்கள்: பாட்டரி போட்ட வண்டி கார்வெட்டா? மணிக்கு 240 கிலோமீட்டரைத் தாண்டியதும் அந்த முன் மோட்டார் தானாகவே விலகிக்கொள்கிறது. அந்த வேகத்தில் தட்டுப்பாடு டயர் பிடிப்புக்கு இல்லை, குதிரைகளுக்குத்தான்.