ஸ்பிட்ஃபயர் வாங்கியாயிற்று, காசை முதலில் எங்கே போடுவது?

பழைய ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அளவான பணத்தோடுதான் வருகிறார்கள். அதில் தப்பே இல்லை. அந்தக் கார் பிறந்ததே அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். ஹெரால்ட் என்ற குடும்பக் காரின் இன்ஜின், கியர்பாக்ஸ், பின்சக்கர அமைப்பு எல்லாவற்றையும் எடுத்து, இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த கூரையில்லாத உடலுக்கு அடியில் வைத்து, 1962-ல் குறைந்த விலையில் ஒரு ஸ்போர்ட்ஸ் காராக விற்றார்கள். 1980 வரை கோவென்ட்ரியில் மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதனால்தான் இன்றைக்கும் வாஷர் முதல் கிராங்க் வரை பாகங்கள் கிடைக்கின்றன, விலையும் மற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களோடு பார்த்தால் தாங்கக்கூடியதுதான்.

இங்கிலாந்தில் என் பட்டறைக்கு இந்த வண்டிகள் தொடர்ந்து வருகின்றன. பணம் குறைவாக இருப்பதைவிட, இருக்கிற பணம் போகிற வரிசைதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. பளபளக்கும் ராக்கர் கவர் வாங்கியிருப்பார்கள். ஸ்டெயின்லெஸ் எக்ஸாஸ்ட் பெட்டி பிரிக்காமல் இருக்கும். இரட்டை வெபர் கார்புரேட்டருக்கு முன்பணம் கட்டியிருப்பார்கள். இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றினால் உள்ளே ஆயில் சகதியில் பிறை நிலா வடிவத்தில் ஒரு தகடு கிடக்கும். அதைக் கையில் எடுத்துக் காட்டும்போது வண்டிக்காரர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். அந்தத் தகட்டைப் பற்றி விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வண்டியில் சேமிக்கக்கூடிய பெரிய தொகை அங்கேதான் இருக்கிறது.

பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பதற்கு இந்த இன்ஜினில் இருப்பவை இரண்டே இரண்டு அரைவட்ட வாஷர்கள். த்ரஸ்ட் வாஷர் என்போம். பின்பக்க மெயின் பேரிங்கின் இரு பக்கமும் ஒவ்வொன்று. நீங்கள் கிளட்ச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ரிலீஸ் பேரிங் கிராங்கை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை முழுக்க வாங்கிக்கொள்வது ஃப்ளைவீல் பக்கத்து வாஷர். தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டத்துக்கு மேல் மெலிந்ததும், அது தன் இடத்திலிருந்து சுழன்று நழுவி சம்ப்பில் விழுந்துவிடும். வண்டி நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அதற்கப்புறம் கிராங்கின் இரும்பு நேராக பிளாக்கின் இரும்பில் உரசுகிறது. சில பவுண்டு வாஷரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கிராங்க், பிளாக் இரண்டையும் மெஷின் ஷாப்புக்கு அனுப்பும் வேலையாக மாறிவிடும். சில பிளாக்குகளைக் காப்பாற்றவே முடிவதில்லை.

இதைச் சோதிக்க ஒரு பைசா செலவில்லை. ஸ்பிட்ஃபயரின் பானெட் இறக்கைகளோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும். இன்ஜின் முழுவதும் கண்முன்னே இருக்கும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இன்ஜினை அணைத்து, ஒருவரை உள்ளே உட்கார வைத்து கிளட்ச்சை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். புல்லி முன்னே வந்து பின்னே போவது வெறும் கண்ணுக்கே தெரிந்தால், அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். வாங்கப் போகும் வண்டியாக இருந்தால் விலை பேசும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். சரியாக அளக்க வேண்டுமென்றால், காந்த அடி கொண்ட டயல் கேஜை பிளாக்கில் ஒட்டி, ஊசியைப் புல்லியின் முகத்தில் வைத்து, புல்லியை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். நாங்கள் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி வைத்துக் கட்டுகிறோம்.

தேய்ந்திருந்தாலும் விழவில்லை என்றால் நல்ல செய்திதான். இன்ஜினை இறக்கவே வேண்டாம். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சம்ப்பைக் கழற்றி, பின் மெயின் பேரிங் மூடியை இறக்கினால் வாஷர்களைச் சுற்றி வெளியே எடுத்துவிடலாம். தேவைப்பட்டால் சற்றுத் தடித்த அளவும் கிடைக்கிறது. மாட்டும்போது ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். வாஷரின் ஒரு முகத்தில் ஆயில் போக வெட்டிய கோடுகள் இருக்கும். அந்த முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஆயில் போய்ச் சேராமல் புது வாஷரும் சீக்கிரமே தீர்ந்துவிடும். திருப்பிப் போட்ட வாஷர்களை நான் நிறையவே வெளியே எடுத்திருக்கிறேன்.

சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடி காத்திருக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நியூட்ரலுக்குப் போய்க் காலை எடுத்துவிட வேண்டும். 'ரேஸுக்கு ஏற்றது' என்று விற்கும் கடினமான பிரஷர் பிளேட்டும் இந்த இன்ஜினுக்கு வேண்டாத சுமை. சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு அது தேவையே இல்லை.

இன்ஜினின் மற்ற பாகங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1296 சி.சி.யும் 1493 சி.சி.யும் (1500 என்று அழைப்பது) ஒரே அகலமுள்ள சிலிண்டர்தான், 73.7 மில்லிமீட்டர். ஆனால் 1500-ல் பிஸ்டன் போய்வரும் தூரம் 76-லிருந்து 87.5 மில்லிமீட்டருக்கு ஏறியது. கிராங்குக்கு இருப்பதோ மூன்றே மெயின் பேரிங்குகள். அதனால் 1500-ஐ விரட்டி ஓட்டியிருந்தால் பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங் முதலில் போகும். தொழிற்சாலையில் ஆயில் பிரஷர் கேஜ் வைக்கவில்லை, விளக்கு மட்டும்தான். அந்த விளக்கு எரிவதற்குள் காரியம் கெட்டிருக்கும். ஒரு எளிய கேஜ் வாங்கி மாட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு நிமிடத்துக்கு 2000 சுற்றில் 40 முதல் 60 பி.எஸ்.ஐ. காட்டினால் அடிப்பாகத்தைத் தொடவே வேண்டாம், அந்தப் பணத்தை வேறிடத்தில் போடலாம். ஃபில்டர் வாங்கும்போது ஆயில் பின்னால் வழிந்துவிடாமல் தடுக்கும் வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இந்த இன்ஜினில் ஃபில்டர் படுக்கைவாட்டில் இருப்பதால், வால்வு இல்லாவிட்டால் ஒவ்வொரு காலையும் முதல் சில நொடிகள் பேரிங்குகள் காய்ந்தே சுற்றும். இன்னொன்று, எதை ஆர்டர் செய்யும் முன்பும் பிளாக்கில் உள்ள இன்ஜின் எண்ணைப் படியுங்கள். 1296 சி.சி. என்பதிலேயே முந்தையதுக்கும் பிந்தையதுக்கும் பேரிங்குக்குள் சுற்றும் கிராங்க் ஜர்னலின் அளவு வேறு. ஐம்பது வருஷத்தில் எத்தனையோ இன்ஜின்கள் கைமாறியிருக்கின்றன, பதிவுப் புத்தகத்தை நம்பி பேரிங் வாங்காதீர்கள்.

கிளட்ச்சுக்கு வருவோம். 'கியர் விழமாட்டேன் என்கிறது, கிளட்ச் போய்விட்டது' என்று வரும் வண்டிகளில் பல கிளட்ச் நன்றாகவே இருக்கும். பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் பின் தேய்ந்திருக்கும், அது நுழையும் வட்டத் துளை முட்டை வடிவமாகியிருக்கும். கீழே கியர்பாக்ஸ் பக்கத்து லீவரிலும் அதே கதை. மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று பெடலின் அசைவு வழியிலேயே வீணாகிவிடுகிறது. துளையை நிரப்பித் திரும்பத் துளைத்து, புதுப் பின் போட்டால் தீர்ந்தது. அதைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் பட்டறை எதுவானாலும் கொஞ்சம் நிதானியுங்கள்.

அதேபோல 1970-ல் மார்க் 4 வரும் வரை பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்க்கும் சிங்க்ரோ முதல் கியருக்குக் கிடையாது. ஓடும் வண்டியில் முதல் கியர் கரகரப்பது அந்த வண்டிகளின் இயல்பு, அதற்காகப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். உண்மையான பழுதைக் காது சொல்லிவிடும். முதல் மூன்று கியரில் இரைச்சல், நான்காவதில் அமைதி என்றால் பெட்டிக்குள் கீழே உள்ள துணைத் தண்டான லே ஷாஃப்ட்டின் ஊசி பேரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. நான்காவதிலும் இரைச்சல் தொடர்ந்தால் முன் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். லே ஷாஃப்ட் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால், உதிரும் இரும்புத்தூள் நல்ல பற்சக்கரங்களையும் தின்றுவிடும். ஆரம்பத்திலேயே பிரித்தால் பேரிங்கும் ஷாஃப்ட்டும் மட்டும் போதும்.

கியர்பாக்ஸ் காருக்குள்ளிருந்துதான் வெளியே வரும். இருக்கைகளைக் கழற்றி, நடுவிலுள்ள டனல் மூடியை எடுத்தால் தரையில் நின்றபடியே தூக்கிவிடலாம். இவ்வளவு செய்தபின் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின் ஆயில் சீல், கிராங்க் முனையிலுள்ள ஸ்பிகட் புஷ் ஆகியவற்றை மாற்றாமல் மூடுவது பெரிய நஷ்டம். பாகத்தின் விலை சிறியது, திரும்ப இறக்கும் உழைப்பு பெரியது. அந்த வெண்கல புஷ்ஷை முந்தின ராத்திரியே இன்ஜின் ஆயிலில் ஊறப் போட்டு வையுங்கள். கியர்பாக்ஸில் ஆயில் ஊற்றும்போது ஜி.எல்.4 தரத்தையே ஊற்றுங்கள். ஜி.எல்.5-ல் இருக்கும் சேர்க்கைப் பொருள்கள் உள்ளேயுள்ள பித்தளை, வெண்கலப் பாகங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தைக் காப்பாற்றுவதற்கு. இனி சொல்வது உயிருக்கு.

ஸ்பிட்ஃபயரின் பின்சக்கரங்களுக்குப் போகும் அரை ஷாஃப்ட்டுகள் சுழற்சியை மட்டும் கடத்துவதில்லை. சக்கரம் பக்கவாட்டில் விலகிப் போகாமல் பிடித்திருப்பதும் அவைதான். இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் பக்கம் இருக்கும் யூனிவர்சல் ஜாயின்ட், நம் ஊர்ப் பட்டறையில் 'கிராஸ்' என்பது, உடைந்தால் மற்ற கார்களைப் போல வண்டி இழுக்காமல் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் பிடிமானமே போய்விடுகிறது. பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத நாற்பது வயதைக் கடந்த கார்களுக்கு வருடாந்திர எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை. ஸ்பிட்ஃபயர் அத்தனையும் இன்று அந்த வயதைத் தாண்டிவிட்டன. வருஷத்துக்கு ஒருமுறை அடியில் விளக்கடித்துப் பார்த்த அந்த ஒரு மனிதரும் இப்போது இல்லை. எனக்கு இதுதான் பெரிய பயம். கட்டாயம் இல்லாவிட்டாலும் நீங்களே கேட்டு அந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். தயவுசெய்து செய்யுங்கள்.

நீங்களே பார்க்க வேண்டுமானால், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கைபிரேக்கை விடுவித்து, ஜாயின்ட்டின் இரு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். துளி 'பிளே' தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். கப்புகளின் ஓரத்தில் துருநிறத் தூள் ஒட்டியிருந்தால், ஊசிகள் கிரீஸ் இல்லாமல் அரைபடுகின்றன என்று அர்த்தம். புதுக் கிராஸ் போடும்போது வைஸில் வைத்து மெதுவாக அழுத்துங்கள், சுத்தியலால் அடித்தால் யோக் காது வளைந்துவிடும். கப் முழுதாக உள்ளே போகாமல் சர்க்ளிப் அதன் பள்ளத்தில் உட்கார மறுத்தால், உள்ளே ஒரு ஊசி சாய்ந்து அடியில் படுத்திருக்கிறது. அழுத்தாமல் வெளியே எடுத்து, ஊசிகளைக் கிரீஸால் ஒட்டி நிறுத்தி மறுபடி போடுங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் இரண்டு, அரை ஷாஃப்ட்டுக்கு ஒன்றாக இரண்டு என நான்கையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது.

சக்கரம் மாட்டும் வெளிப்பக்க ஹப் வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். அது ஷாஃப்ட்டின் கூம்பு முனையான டேப்பரில் பல வருஷமாக இறுகியிருக்கும். சாதாரண புல்லர் போட்டால் ஹப்பின் விளிம்பு வளையும், பிறகு அந்தச் சக்கரம் நேராகச் சுற்றாது. தகுந்த பிரஸ் உள்ள பட்டறையிடம் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி மிச்சம். அங்கே இருக்கும் ஊசி பேரிங் நேராக ஷாஃப்ட்டின் மேலேயே ஓடுவதால், ஷாஃப்ட்டில் கீறல் விழுந்திருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டலூர் ஆலையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஸ்பிட்ஃபயருக்கு உறவு. த்ரஸ்ட் வாஷர் சோதனையும் கிராஸ் சோதனையும் அதற்கும் அப்படியே பொருந்தும். ஆனால் பாகங்களை அப்படியே மாற்றிப் போடலாம் என்று நினைக்க வேண்டாம், நம்மூர் ஹெரால்ட் 948 சி.சி. இன்ஜினில் ஓடியது. பின்னால் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் காரில் பின் அச்சே வேறு வகை, தனித்தனியாக ஆடும் அரை அச்சுகளை எடுத்துவிட்டு முழு அச்சு வைத்தார்கள்.

டிஃபரன்ஷியல் வேகத்தில் ஊளையிட்டாலும், அளவு மாறாமல் ஆயில் இருந்தால் அது கடைசியாக வரட்டும். பினியன் சீல் கசிகிறதா என்று மட்டும் பார்த்து, லெவல் பிளக் வழியாக நிரப்பி வையுங்கள். கிரவுன், பினியன் இரண்டையும் அளவு வைத்துக் கட்டுவது அனுபவமும் தனிக் கருவிகளும் கேட்கும் வேலை. அதற்கான பணம் சேரும் வரை மெதுவாக ஓட்டலாம். எல்லாம் கட்டி முடித்து ஓட ஆரம்பித்தால் முதல் 500 மைலில் ஆயிலை மாற்றுங்கள். பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். அன்றைக்கே, பானெட் திறந்திருக்கும்போதே, யாரையாவது கூப்பிட்டு கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி புல்லியை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.