தூக்க ஊசி கேட்காதீர்கள், கூண்டைத் திறந்து வையுங்கள்

"சனிக்கிழமை விமானம், டாக்டர். தூங்குவதற்கு ஓர் ஊசி போட்டு, அப்படியே சான்றிதழும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்."

அவர் இதைச் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போகிறார். மூன்று வயது லாப்ரடார் மேசைக்கடியில் என் செருப்பை முகர்ந்துகொண்டிருந்தது. தடுப்பூசிப் புத்தகத்தைப் புரட்டினேன், ஒன்றும் விடுபடவில்லை. ஸ்கேனரைப் பிடரியில் வைத்துத் தோள்பட்டை வரை மெல்ல நகர்த்தினேன். 15 இலக்க எண் திரையில் வந்தது. தோலுக்கடியில் இந்த அடையாள எண்ணைத் தாங்கியிருக்கும் மைக்ரோசிப்பை எப்போது பொருத்தினீர்கள் என்று கேட்டேன். "போன மாதம்தான், இந்தப் பயணத்துக்காக." வெறிநோய்த் தடுப்பூசி போட்டதோ அதற்கு நான்கு மாதம் முன்பு.

அந்த இரண்டு தேதிகளிலேயே பயணம் நின்றுபோனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி முதலில் சிப், பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போடப்பட்டது என்று நிரூபிக்க முடியாது என்பதே காரணம். ஆகவே மறுபடி ஊசி போட வேண்டும். அவர் புறப்படும் நாடு ஒன்றியத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாததால் அதோடும் முடியாது. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச்சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் நான்கு மாதம். அவர் கையில் இருந்ததோ நான்கு நாள்.

அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். விமானத்தின் விதி வேறு, போய்ச் சேரும் நாட்டின் விதி வேறு. பலரும் விமான நிறுவனத்தை மட்டும் கேட்டுவிட்டு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். ஜப்பானுக்கு இரண்டு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ரத்தப் பரிசோதனைக்குப் பின் 180 நாள் காத்திருக்க வேண்டும். வந்து சேருவதற்கு 40 நாள் முன்பாவது தகவல் தர வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குப் போனால் மெல்போர்ன் அருகே மிக்கிள்ஹாமில் குறைந்தது 10 நாள் தனிமைப்படுத்தல். பிரிட்டனுக்குப் போகும் நாய்க்கு நாடாப்புழு மருந்தை இறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்பு கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதம் நிறையாத நாய்க்குட்டியை உள்ளே விடுவதில்லை. எந்த நாடானாலும் முதலில் அந்த நாட்டு அரசின் இணையதளத்தைப் பாருங்கள், பிறகு கால்நடை மருத்துவரிடம் வாருங்கள், டிக்கெட்டைக் கடைசியில் எடுங்கள்.

இனி அந்தத் தூக்க ஊசி. வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். பாவம், பயந்து நடுங்குமே என்ற அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைத் தாழ்த்துகிறது. உடல் தன் சூட்டைத் தானே சமன்செய்துகொள்ளும் திறனைக் குறைக்கிறது. கூண்டு சாயும்போது விழித்திருக்கும் நாய் காலை ஊன்றிக்கொள்ளும். மயங்கிய நாய் சரிந்து, கழுத்து மடங்கி, மூச்சுக்குழல் அடைபட்டுக் கிடக்கும். சரக்கு அறையில் பறக்கும் நேரம் முழுவதும் எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. மயக்கத்தில் தள்ளாடும் பிராணியைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றவே மறுத்துவிடும். மறுப்பது சரிதான்.

பயத்துக்கு மருந்து கூண்டுப் பழக்கம்தான். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே கூண்டை வாங்கி, கதவைத் திறந்து, வீட்டின் நடுவில் வையுங்கள். சாப்பாட்டை அதற்குள் வையுங்கள். நாய் தானாகப் போய்ப் படுக்கும்வரை கதவைச் சாத்தாதீர்கள். பிறகு ஐந்து நிமிடம், அரை மணி, ஓர் இரவு என்று கூட்டிக்கொண்டே போங்கள். பூனைக்கு இன்னும் பொறுமை வேண்டும்.

கூண்டின் அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் உயிருள்ள பிராணிகளுக்கான விதிநூலில் கணக்கு இருக்கிறது. அன்று அந்த லாப்ரடாரைத் தரையில் நிற்கவைத்து டேப்பால் அளந்தேன். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை 95 செ.மீ.; தரையிலிருந்து முழங்கை 30; தோள் அகலம் 25; நிற்கும் உயரம் 70. நீளத்தோடு முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம் 110. தோள் அகலத்தின் இரு மடங்கு, அதாவது 50, கூண்டின் அகலம். உயரம் 70-உம் விரிப்பின் கனமும். காது தலையைவிட மேலே நிமிர்ந்து நின்றால் காது நுனிவரை அளக்க வேண்டும். அவர் ஏற்கெனவே வாங்கியிருந்த கூண்டு 90 செ.மீ. நீளம்தான். கவுன்டரில் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பக், புல்டாக், பாரசீகப் பூனை போன்ற சப்பை மூக்கு இனங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாய்க்கு மனிதரைப் போல் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக் நாயின் மூக்குத் துவாரத்தை அருகில் பாருங்கள்: பல நாய்களுக்கு அது ஒரு கீறல்போல்தான் இருக்கும். உள்ளே மேலண்ணமும் நீண்டு மூச்சுவழியை மறைக்கும். பதற்றமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தக் கீறல் வழியே போகும் காற்று போதாது. பல நிறுவனங்கள் இவ்வினங்களைச் சரக்கில் ஏற்றுவதில்லை. ஏற்றினாலும் கூண்டு 10 சதவீதம் பெரிதாக இருக்க வேண்டும். தவிர்க்க முடியாத பயணம் இல்லையென்றால் இவற்றை விமானத்தில் கொண்டுபோகாதீர்கள் என்றே நான் சொல்கிறேன்.

வானத்தில் குளிரில் விறைத்துவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். பிராணிகளை ஏற்றும் சரக்கு அறையில் காற்றழுத்தமும் வெப்பமும் பராமரிக்கப்படுகின்றன. ஆபத்து பெரும்பாலும் தரையில்தான்: கூண்டு வெயிலில் ஓடுதளத்தோரம் காத்திருக்கும் அரைமணி நேரம். ஆகையால் இடைநில்லாத விமானமும், கோடையில் இரவு அல்லது அதிகாலைப் பயணமும் பாருங்கள்.

கேபினில் கொண்டுபோக அனுமதிக்கும் நிறுவனங்களில் பலவும் பையோடு சேர்த்து 7 அல்லது 8 கிலோ என்றே வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு விமானத்தில் இத்தனை பிராணிதான் என்ற கணக்கும் உண்டு; புக்கிங்கின்போதே சொல்லி, உறுதிசெய்ததை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பை முன் இருக்கைக்கு அடியில்தான் இருக்க வேண்டும். 2018-இல் அமெரிக்காவில் பணிப்பெண் சொன்னாரென்று தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்கப்பட்ட ஃபிரெஞ்சு புல்டாக் குட்டி பயணம் முடிவதற்குள் இறந்துபோனது. யார் சொன்னாலும் அங்கே வைக்காதீர்கள்.

புறப்படும் நாளில் வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம். நான்கைந்து மணி நேரம் முன்பு கொஞ்சம் கொடுங்கள், தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். கூண்டுக் கதவில் மாட்டும் கிண்ணத்தில் முந்தின இரவே தண்ணீர் ஊற்றி உறையவைத்துவிட்டால், தூக்கி ஏற்றும்போது சிந்தாது. பிறகு மெல்ல உருகிக் குடிக்கக் கிடைக்கும். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். விரிப்புக்கு மேல் நீங்கள் உடுத்திய, துவைக்காத பழைய சட்டை ஒன்றைப் போட்டுவையுங்கள்.