பென்குயின் பாதம் ஏன் உறைவதில்லை?

அண்டார்டிகாவில் ஜூன், ஜூலை என்றால் நடுக்குளிர்காலம். மைனஸ் 40 டிகிரிக் குளிர், அதோடு சூறைக்காற்று. அந்த நேரத்தில் ஆண் எம்பரர் பென்குயின் ஒற்றை முட்டையைப் பாதங்களின் மேல் ஏற்றி, அடிவயிற்று மடிப்பால் மூடிக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கிறது. பெட்டை கடலுக்குப் போயிருக்கும். ஆணுக்கு அதுவரை இரையே கிடையாது. சரி, பனிக்கட்டியில் வெறுங்காலோடு நிற்கிறதே, கால் எப்படி உறையாமல் இருக்கிறது?

கால் சூடாக இருக்கும் என்று நினைத்தால் தப்பு. உடம்புக்குள் சுமார் 38 டிகிரி. பாதத்திலோ உறைநிலைக்குச் சற்றே மேல். காலுக்கு இறங்கும் தமனிகளும் மேலேறும் சிரைகளும் ஒட்டி ஒட்டியே ஓடுகின்றன. இறங்குகிற ரத்தம் தன் சூட்டை, ஏறி வருகிற குளிர்ந்த ரத்தத்திடம் வழியிலேயே கொடுத்துவிடும். பாதத்துக்கு வந்து சேர்வது உறையாமல் காக்கும் அளவு சூடுதான். பனிக்குப் பறிகொடுக்கப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பாதத்தை அசைக்கும் தசைகள்கூட மேலே, உடம்புக்குப் பக்கத்தில் கதகதப்பாக இருக்கின்றன. பொம்மலாட்டக் கயிறு மாதிரி தசைநாண்கள் மட்டும் கீழே இறங்குகின்றன.

இறகிலும் இதே சிக்கனம்தான். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் வெப்பப் படக்கருவி வைத்துப் பார்த்தார்கள். பென்குயினின் வெளி இறகு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருந்தது! உள்ளே இருக்கும் சூடு அந்த அளவுக்கு வெளியே கசிவதில்லை.

அப்புறம் கூட்டம். நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கும். அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டம் முழுக்க ஒரு சிறு அடி நகரும். நடுவில் இருப்பவையும் ஓரத்தில் இருப்பவையும் மெல்ல இடம் மாறும். நடுவில் 37 டிகிரி வரைகூட ஏறிவிடுவதால், புழுக்கம் தாங்காமல் கூட்டம் கலையும். அப்போது முதுகுகளிலிருந்து ஆவி பறக்கும்.

மீனுக்கு இறகு ஏது? அங்கே கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி வரை போகிறது. சாதாரண மீனின் ரத்தம் அதற்கு முன்பே உறைந்துவிடும். அண்டார்டிக் மீன்களின் ரத்தத்தில் சர்க்கரை இணைந்த ஒரு புரதம் இருப்பதை 1960களில் அமெரிக்க உயிரியலாளர் ஆர்தர் டிவ்ரீஸ் கண்டுபிடித்தார். நுண்ணிய பனிப்படிகம் உருவானதும் இது அதன்மேல் ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு வளர விடாது.

மனிதனுக்கு இந்த வசதிகள் இந்த அளவுக்கு இல்லை. நம் விரல் ஆழமாக உறைந்தால் அதை இழக்கவே நேரலாம். கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் கரிபூ மான் தோலில் இரண்டு அங்கிகள் தைத்தார்கள். உள் அங்கியின் முடி உடம்பைப் பார்த்து, வெளி அங்கியின் முடி வெளியே. அந்த முடிக்குள் காற்று நிறைந்திருப்பதால் சூடு தப்பாது. ஆனால் வியர்த்தால் ஆபத்து: ஈரம் உறையும், தோல் விறைக்கும். அதனால் அங்கி தொளதொளவென்றே இருக்கும். ஓடியாடி வேலை செய்யும்போது கழுத்துப் பக்கம் தளர்த்திச் சூட்டை வெளியே விடுவார்கள். வீட்டுக்குள் நுழையுமுன் அங்கியில் ஒட்டிய பனியைக் கோலால் தட்டி உதிர்த்துவிடுவார்கள். உள்ளே போய் உருகினால், மறுநாள் வேட்டைக்கு ஈர அங்கியைத்தானே மாட்ட வேண்டும்.